தாராளமாக வரலாம்

ஞாயிற்றுக்கிழமை மாலை, வயிறே இல்லாத நித்திலாவைப் பார்த்து அவள் அம்மா வழக்கம்போல, "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டாள்.

"சாப்ட்டேன்மா."

"என்ன சாப்ட்டே?"

"தக்காளி சாதம். தொட்டுக்க உருளைக்கிழங்கு."

"அது எப்படிப் போதும்? எளைச்சுப் போயிட்டயாட்டத் தெரியுது."

நித்திலா இளைக்க வழியில்லை. அவள் இருந்தது இரும்பும் பீங்கானும் கலந்து செய்த வாடகை உடலில். சுவரில் இருந்த மின்செருகியில் முதுகைச் சாய்த்து நின்றால் இரண்டு நாளைக்குத் தெம்பு வந்துவிடும். அம்மா சுகந்திக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்தாலும் கேட்காமல் இருக்க கோபிசெட்டிபாளையத்தில் எந்த அம்மாவால் முடியும்?

ஒளியை முந்திக்கொண்டு சேதி போக முடியாது என்று பழைய புத்தகங்கள் சொன்னதை நொடிப்பேசி பொய்யாக்கி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கோபியில் கேட்டால் சனியின் நிலாவான டைட்டனில் அதே நொடியில் காதில் விழும். அத்தனை கோடி மைல் தாண்டி வருகிற கேள்வி மட்டும் மாறவே இல்லை.

ஒரு காலத்தில் வெளிக்கோளுக்குப் படிக்கப் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கிற மாதிரி இருந்தது. எந்தக் கோள், எந்தப் படிப்பு என்று முடிவு செய்யத் தரகர்களின் வண்ணப்படங்களைத்தான் நம்ப வேண்டும். போய் இறங்கியபின் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வருவது லேசில்லை. மனம் உடைந்துபோன பிள்ளைகள் அதிகமானதும் அரசே முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாணவியின் மூளையை அப்படியே படியெடுத்து, அவள் போக நினைக்கும் ஒவ்வொரு கோளிலும் ஒரு வாடகை உடலில் ஏற்றி, ஒரு பருவம் படிக்க விடுவார்கள். அந்தப் படிதான் முன்னோடி. பருவத்தின் முடிவில் முன்னோடி சான்றுரை சொல்ல வேண்டும். 'வரலாம்', அல்லது 'வேண்டாம்'. அவ்வளவுதான். தன்னைவிடத் தன்னை அறிந்தவர் யார்? தனக்குத் தானே யாராவது பொய் சொல்வார்களா? அப்படித்தான் திட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். அவர்கள் யாரும் ஊரில் இருக்கிற அம்மாவிடம் தொலைபேசியில் பேசிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

நித்திலாவுக்கு மூன்று முன்னோடிகள். செவ்வாயில் மண்ணுயிர்ப்பியல் படிக்க ஒருத்தி, யூரோப்பாவில் பனியடிக் கடலியல் படிக்க ஒருத்தி, டைட்டனில் அயல்மேகவியல் படிக்க இவள். சட்டப்படி அசல் நித்திலா முன்னோடிகளோடு பேசக் கூடாது. தன்னோடு தானே பேசினால் புத்தி தடுமாறும் என்று மருத்துவர்கள் பயந்தார்கள். முன்னோடிகள் தங்களுக்குள்ளும் பேசக் கூடாது. பெற்றோர் மட்டும் வாரம் ஒருமுறை பேசலாம்.

டைட்டனைப் பட்டியலில் சேர்த்தது மழைக்காக. பூமியை விட்டால் தரைவரை மழை இறங்குகிற இடம் அது ஒன்றுதான். பெரியப்பா மகன் வருண் ஏற்கெனவே அங்கே படித்து வேலையிலும் சேர்ந்திருந்தான். "தாராளமா வரச் சொல்லுங்க சித்தி, சூப்பரா இருக்கும்" என்று அவன்தான் முதலில் சொன்னது. நித்திலா போய் இறங்கியபோது அவனை வடகோடி நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். முதல் வாரத்தில் ஒருநாள் கூப்பிட்டான். பேச விஷயம் தீர்ந்த பின்னும் வைக்க மனமில்லாமல், "அப்புறம்? அப்புறம்?" என்று மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தான். அதன்பின் வடக்கே தொடர்பு கிடைக்கவில்லை.

மழை பெய்யத்தான் செய்தது. மீத்தேன் மழை. பெரிய பெரிய துளிகள் அவசரமே இல்லாமல், இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கின. தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தமும் இல்லை, வாசமும் இல்லை. வகுப்பில் பல தேசத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோர் காதிலும் மொழிமாற்றி. யார் என்ன பேசினாலும் ஒரே தட்டையான குரலில் வந்து விழுந்தது. காலையில் வணக்கம் சொன்னார்கள், மாலையில் வணக்கம் சொன்னார்கள், நடுவில் பாடம் நடந்தது. விடுதியில் அவரவர் அறைக் கதவு அவரவருக்கு மட்டுமே திறந்தது. நித்திலாவுக்கு ஏக்கமாக இருந்தது. அழுதால் தேவலை என்று தோன்றியது. வாடகைக் கண்களில் அதற்கு வசதி செய்திருக்கவில்லை.

ஒருமுறை சொல்லிவிடத்தான் பார்த்தாள்.

"அம்மா, இங்க எனக்கு..."

"என்ன கண்ணு? என்னாச்சு?" சுகந்தியின் கை நெஞ்சுக்குப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா தனபால் எழுந்தே விட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் குளிருது."

"அதானே பாத்தேன். காதுக்கு மஃப்ளர் கட்டிக்க." பீங்கான் காதுக்கு மஃப்ளர் கட்டச் சொன்னதும் சுகந்திக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதியில் அடுத்த பேச்சுக்குத் தாவினாள். "செவ்வாய்ல இருக்கறவ ஜம்முனு இருக்கறாளாமா. சிநேகிதிக அத்தனை பேராமா. யூரோப்பாக்காரி பரீட்சையில முதலாவதா வந்துட்டா. அவளுகளும் நீயும் ஒண்ணுதானே கண்ணு? உனக்கு மட்டும் என்ன?"

ஊரில் இருந்தவரை எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டாள். இங்கே வந்தபின் தன்னோடு தன்னையே ஒப்பிடுகிறாள். எதிர்வீட்டுப் பிள்ளை என்றால், அவள் மூளை வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வது? தன்னிடம்தான் ஏதோ குறை என்று நித்திலாவுக்குத் தோன்றிவிட்டது.

"நானும் நல்லாத்தான்மா இருக்கேன். எனக்கும் சிநேகிதிக இருக்கறாங்க" என்றாள்.

"அப்படிச் சொல்லு என்ற தங்கம்."

பருவம் முடிந்தது. சான்றுரை நாளில் நொடிப்பேசியில் முன்னோடி நிலையத்து அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல உடுத்திக்கொண்டு இருந்தார்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் அன்றே விளக்கை அணைப்பதுபோல அவளை அணைத்துவிடுவார்கள் என்பது நித்திலாவுக்குத் தெரியும். அதற்கு அவள் பயப்படவில்லை. 'வரலாம்' என்று சொல்லி டைட்டனே முடிவானால், அசல் வந்து சேரும்வரை அவளை விட்டுவைப்பார்கள். வந்தபின் ஒரு மணி நேரம் ஒப்படைப்பு. இருவரும் அப்போது மட்டும் பேசலாம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவள் நினைத்துப் பார்த்தாள்.

"வரலாம்" என்றாள்.

மற்ற இருவரும் அதையே சொல்லியிருந்தார்கள். மூன்று கோளும் சொர்க்கம் என்று சான்று வந்தால் மனிதர் எதை வைத்து முடிவு செய்வது? தனபால் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, அரசின் மாபெரும் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, எல்லோரும் செய்வதைச் செய்தார். "நம்ம வருண் அங்கதானே இருக்கறான். டைட்டனுக்கே அனுப்பிடலாம்" என்றார்.

கலம் வந்துசேர எட்டு மாதம் ஆனது. அதுவரை நித்திலா அறையிலேயே காத்திருந்தாள். வகுப்பு முடிந்துவிட்டதால் வணக்கம் சொல்லவும் ஆள் இல்லை.

கதவு திறந்து அசல் நித்திலா உள்ளே வந்தாள். பயணத்தில் வாடிப்போன முகம், கசங்கிய சுடிதார், தோளில் பை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர்க் குழாயை எப்படித் திறப்பது, கதவுக்கு எங்கே கை வைப்பது என்றெல்லாம் முன்னோடி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். அசல் அதைக் காதில் வாங்கவில்லை.

"நிஜமாவே இங்க நல்லா இருக்குதா?"

"இல்ல" என்றாள் முன்னோடி. "யாரும் யார்கூடவும் பேச மாட்டாங்க. நாளெல்லாம் இந்த மழையத்தான் பாத்துட்டு இருப்பே."

அசல் பையை அப்படியே கீழே போட்டாள். "அப்புறம் எதுக்கு வரலாம்னு சொன்னே?"

"மத்தவளுக ரெண்டு பேரும் அவ்வளவு நல்லா இருக்கறப்ப, நான் மட்டும் ஒண்ணுக்கும் உதவாத ஆகாவளியா நிக்கறதா?"

"யாரு நல்லா இருந்தா? அம்மா பேசறப்ப நான் பக்கத்து ரூம்ல கேட்டுட்டுத்தான் இருந்தேன். அவளுககிட்ட நீ ஜம்முனு இருக்கறதாச் சொல்லுச்சு. உன்றகிட்ட அவளுகளச் சொல்லுச்சு."

மூன்று கோளில் மூன்று அறைகளில், ஒரே பெண் மூன்று பேராகத் தனித்தனியே வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அது மட்டுமில்ல" என்றாள் முன்னோடி. "வேண்டாம்னு சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டே. நம்மூர்ப் பேச்சு பேச ஒரு ஆளு வேணும்னு இருந்துச்சு. ஒரு மணி நேரம்னாலும் பரவால்லைன்னு..."

"அதுக்காக என்ற வாழ்க்கையக் கெடுப்பியா? நானா இருந்தா அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்!"

முன்னோடி அவள் முகத்தையே பார்த்தாள். "அப்ப நீ செய்ய வேண்டாம். நீ வந்த கலம் நாளைக்குக் காத்தால திரும்புது. அதுலயே போயிடு. இதை விட்டா அடுத்தது ரெண்டு வருசம் கழிச்சுத்தான். அம்மா கூப்பிட்டா உள்ளத உள்ளபடி சொல்லிடு."

"சொல்லத்தான் போறேன்."

சொல்லி வைத்ததுபோல நொடிப்பேசி ஒலித்தது. திரையில் அம்மா, அப்பா, பெரியப்பா, அத்தை, தெருவில் பாதி. அசல் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன் போய் நின்றாள்.

"போய்ச் சேந்துட்டியா சாமி? சாப்ட்டியா? எப்படி இருக்கறே?"

அசல் வாயைத் திறந்தாள். அம்மாவின் கை நெஞ்சுக்குப் பக்கத்திலேயே தயாராக இருந்தது.

"நல்லா இருக்கேன்மா. சாப்ட்டேன்."

"நான் சொன்னேனல்ல!" என்று சுகந்தி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "கண்ணு, நம்ம எதிர்வீட்டு மிதுலா வந்துருக்கறா. அவளும் எங்க படிக்கறதுன்னு தெரியாமத் திண்டாடறா. முன்னோடி அனுப்பறதெல்லாம் வெட்டி வேலை, அங்க இருக்கறவளையே ஒரு வார்த்தை கேட்டாப் போச்சுன்னு கூட்டிட்டு வந்தேன்."

மிதுலாவின் முகம் திரை முழுக்க வந்தது. "அக்கா, அங்க எப்படிக்கா இருக்கு? தனியா இருக்கற மாதிரி இருக்காதே?"

நொடிப்பேசியில் முன்னோடி குறுக்கே பேசச் சட்டம் இடம் தரவில்லை. அவள் தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதே. அசல் அவளைப் பார்த்தாள். ஒப்படைப்பு நேரம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. அதன்பின் இந்த முகமும் அணைந்துவிடும். கண்ணாடிக்கு வெளியே மழை யோசித்து யோசித்து இறங்கிக்கொண்டிருந்தது.

"சேச்சே, தனியா எல்லாம் இருக்காது" என்றாள் அசல். "தாராளமா வா மிதுலா. சூப்பரா இருக்கும்."

முன்னோடியின் கண்ணில் விளக்கு மங்கியது. அசல் திரும்பிப் பார்க்கவில்லை. திரைக்கு இன்னும் நெருங்கிப் போய், "எந்தக் கலத்துல வருவே?" என்று கேட்டாள்.