கடைசி அத்தியாயத் திருட்டு

"என் கதையோட முடிவை யாரோ திருடுறாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவரைப் பார்த்ததும் தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வக்கீல் தொழிலை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் நடத்தும் அக்காவுக்கு அவன்தான் உதவியாள். வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடை மூடியதும், நாற்பது வயதில் அவளிடம் வந்து சேர்ந்தவன். எதிரே நின்றவரோ, பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் விழுந்து விழுந்து படித்த மர்மக்கதை எழுத்தாளர். கதையில் போடும் முடிச்சுகளுக்காக வாசகர்கள் அவருக்கு 'முடிச்சு' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். வாரப் பத்திரிகை ஒன்றில் முடிச்சு நான்கு வாரக் குறுந்தொடர்கள் எழுதிவந்தார். மூன்று பகுதி வந்து, நான்காவது அச்சுக்குப் போகுமுன், இணையத்தில் வாசகர்கள் அரட்டையடிக்கும் பக்கத்தில் 'முன்கூட்டி' என்ற புனைபெயரில் ஒருவர் கொலையாளி யாரென்று போட்டு உடைத்துவிடுவார். மூன்று தொடர்கள் இப்படிப் பாழாயின. இன்னொரு முறை நடந்தால் தொடரே கிடையாது என்றுவிட்டார் பத்திரிகை ஆசிரியர்.

"நீங்க எழுதினதை யார் யார் பார்ப்பாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நான் கையால எழுதுவேன். டைப்பிஸ்ட் அடிப்பா. நேரா ஆசிரியர்கிட்ட போயிடும். முதல் தடவை நடந்ததுமே டைப்பிஸ்ட்டைத் துரத்திட்டேன். இத்தனை வருஷம் சோறு போட்ட வீட்டுலயே கை வெச்சுட்டா."

"அவங்க போன பிறகும் நடந்திருக்கே?"

"அதான் உங்ககிட்ட வந்தேன். இப்ப நானே அடிச்சு நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன். அப்படியும் வந்துடுச்சு."

"வீட்டுல வேற யாரு?"

"சம்சாரம் மட்டும்தான். அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. என் அறையைப் பூட்டிச் சாவியை நானே வெச்சுக்கறேன்."

அவர் போனபின் அக்கா அச்சான பகுதிகளையும் முன்கூட்டியின் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தாள். "இதைப் பாரு" என்றாள். கடைசித் தொடரைப் பற்றிய குறிப்பு அது: 'சித்திதான் கொன்றவள். அவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாளே, அவளேதான். சர்க்கரை இல்லாத பாலில் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தாள்.'

"கதையில அப்படியே நடந்துச்சே அக்கா. நாலாவது பகுதியைத் திருடாம எப்படி எழுத முடியும்?"

"நாலாவது பகுதியில புதுசா ஒரு வாட்ச்மேன் வர்றான். அவன்தான் சித்தியைக் காட்டிக் கொடுக்கறான். திருடினவன் அவனை ஏன் விட்டான்? இந்தக் குறிப்புல இருக்கிற ஆள் எல்லாம் முதல் மூணு பகுதியில வந்தவங்கதான். அப்புறம், அந்தப் பால். கதையில எங்கேயாவது சர்க்கரை இல்லைன்னு இருக்கா?"

தம்பி நான்கு பகுதிகளையும் புரட்டினான். வெறும் பால்தான்.

அக்கா ஒரு சோதனை சொன்னாள். அடுத்த தொடரில் மூன்று பகுதிகளை மட்டும் எழுத வேண்டும். முடிவை மனதுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஒரு வரிகூடக் காகிதத்தில் ஏறக்கூடாது. முடிச்சு அப்படியே செய்தார்.

மூன்றாம் பகுதி வெளியானதும் அக்காவும் தம்பியும் அவர் வீட்டுக்குப் போனார்கள். பத்திரிகை ஆசிரியரும் வந்திருந்தார். டைப்பிஸ்ட்டையும் அழைக்கச் சொல்லியிருந்தாள் அக்கா. அந்தத் திருடி தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று முடிச்சு மறுத்துவிட்டார்.

"கொலையாளி யாருன்னு இப்ப சொல்லுங்க" என்றாள் அக்கா.

"நர்ஸ்."

முன்கூட்டி அன்று காலையே போட்டிருந்த குறிப்பை ஆசிரியர் கைப்பேசியைப் பார்த்துப் படித்தார்: "நர்ஸ்தான். ராப்பகலாகக் கண்விழித்து நோயாளியைப் பார்த்துக்கொண்டாளே, அவளேதான்."

முடிச்சின் முகம் வெளுத்தது. "இதை நான் யார்கிட்டயும் சொல்லலியே!"

அப்போது அவர் மனைவி தட்டோடு வந்தார். மற்றவர்களுக்குக் காப்பி. கணவர் முன் ஒரு டம்ளர் பாலை வைத்து, "சர்க்கரை போடலை" என்றார்.

தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசுக்குள்ள இருக்கறதை யாரும் திருட முடியாது சார். திருட்டே நடக்கலை. உங்க கதையில ரொம்ப அன்பா இருக்கறவங்கதான் எப்பவும் கொலைகாரங்க. மூணு பகுதி படிச்சா முடிவு தெரிஞ்சுடும். ஆனா கதையில இல்லாத ஒண்ணு அந்தக் குறிப்புல இருந்தது. சர்க்கரை இல்லாத பால். அது இந்த வீட்டுப் பால். இல்லையாம்மா?"

"நான்தான்" என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை. "கதைக்குக் கதை ஒரு அக்கா, அத்தை, சித்தி, பெண்டாட்டி. யார் சோறு போட்டு மருந்து கொடுக்கறாளோ அவதான் கழுத்தை அறுக்கறவ. கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னைத்தான் தூக்குல போட்டுக்கிட்டிருக்கார். மாத்தி எழுதுங்கன்னு எத்தனையோ தடவை சொன்னேன். ஊரே கண்டுபிடிச்சா மாத்துவாரோன்னு எழுதிப் போட்டேன்."

"டைப்பிஸ்ட் போனாங்களே, அப்ப சொல்லியிருக்கலாமே?" தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"அன்னிக்கே சொன்னேன். 'அவ்வளவு மூளை உனக்கு ஏது'ன்னு சிரிச்சார். அதனாலதான் நிறுத்தாம எழுதினேன். அவ போனதுக்கப்புறமும் வந்தா, அவ பண்ணலைன்னாவது புரியுமேன்னு."

முடிச்சு பாலைத் தொடவில்லை. மனைவியைப் பார்க்கவும் இல்லை. ஆசிரியர் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இது இந்த அறையோட இருக்கட்டும். வெளியில டைப்பிஸ்ட்டுன்னே இருக்கட்டும். வீட்டுல சமைக்கறவளே கண்டுபிடிச்சுட்டான்னா என் கதையை எவன் வாங்குவான்?"

ஆசிரியர் மெல்லத் தலையாட்டினார். மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா எழுந்தாள். "டைப்பிஸ்ட்கிட்ட நான் சொல்லத்தான் போறேன்."

டைப்பிஸ்ட் இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே வேலை செய்தாள். எந்தப் பத்திரிகை அலுவலகமும் அவளைச் சேர்க்கவில்லை. அக்கா சொன்னதையெல்லாம் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"கொலைகாரி யாருன்னு எனக்கும் தெரியும்மா, எல்லாக் கதையிலயும். ஒரு நாள் வாய் தவறி, 'சார், இந்தத் தடவையும் கொன்னது கதையில வர்ற அக்காதானா'ன்னு கேட்டுட்டேன். அன்னிலேருந்துதான் என்னைச் சந்தேகமாப் பார்க்க ஆரம்பிச்சார்." பிறகு தம்பியிடம் திரும்பினாள். "நான் திருடலைன்னு அவர் நாலு பேர்கிட்ட சொல்வாரா?"

தம்பி தரையைப் பார்த்தான். தன் அலமாரியில் வரிசையாக நிற்கும் அவருடைய புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. "சொல்ல மாட்டார்" என்றான்.

"அப்போ இது உங்களுக்குத் தெரிஞ்சு எனக்கு என்ன பிரயோஜனம்?" என்றாள் அவள். பின்னால் காத்திருந்தவரிடம் கையை நீட்டி, "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்டாள்.