ஆதாரம் இல்லாத அலறல்

நூலகர் தரையில் கிடந்தார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மொத்தக் கல்லூரியையும் 'உஷ்' என்று அடக்கி வைத்த மனிதர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'உஷ் சார்'. இப்போது அவரே சத்தமில்லாமல் கிடந்தார். தலைக்குப் பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஏதோ பரவிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்ற ஆசிரியை 'ஆதாரம்' மேடத்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

அது நூலகத்தின் நிலவறை. பழைய செய்தித்தாள்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கும் அறை. ஜன்னல் கிடையாது. ஒரு டியூப் லைட், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஓர் இரும்புக் கதவு. அவ்வளவுதான்.

மேடம் ஓடிப்போய் மண்டியிட்டு, அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

மூச்சு இருந்தது!

மெல்லிய மூச்சு. இழுத்து இழுத்து வந்தது. தன் துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தின் மேல் அழுத்தினாள்.

பின்னால்... படாரென்று கதவு மூடியது. சாவி திரும்பியது.

"டீச்சர்..." வெளியே ஒரு குரல். கூடவே பல்லில் மிட்டாய் உருளும் சத்தம். "எவ்வளவு கேட்டும் அவரு சொல்லலை. நீங்களாவது அந்தப் பேப்பரைத் தேடி எடுத்துக் குடுங்க."

பெப்பர்மின்ட் வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. அந்தக் கல்லூரியில் எந்நேரமும் பெப்பர்மின்ட் சப்புகிற ஆள் ஒருவர்தான்.

கல்லூரிச் செயலாளர்!

மேடம் வரும் சத்தம் கேட்டு மாடிப்படிக்கு அடியில் பதுங்கியிருக்கிறார். வந்தவளையும் சேர்த்து அடைத்துவிட்டார்.

உள்ளே வந்துவிட்டால்? மேடம் பாய்ந்துபோய் உள்தாழ்ப்பாளைத் தள்ளினாள். இப்போது வெளியே பூட்டு, உள்ளே தாழ்ப்பாள். தன்னைத் தானே இரண்டாம் முறை சிறை வைத்துக்கொண்டாள்.

கல்லூரிக்கு நேர் எதிரே போலீஸ் ஸ்டேஷன். அடுத்த தெருவில் அவள் வீடு. கூப்பிடு தூரம். ஆனால் கூப்பிடத்தான் வழியில்லை. செல்போன் மேலே, நூலக வாசல் லாக்கரில். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது உஷ் சார் போட்ட சட்டம். நாளை முதல் விடுமுறை என்பதால் மதியமே கல்லூரி காலி.

கடைசியாக அந்தப் போனில் பேசியது மாமியாரோடு. "எங்க இருக்கே, எப்ப வருவே?" என்று கேட்டதற்கு, பழைய பேப்பர் ரூமுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வேலை அவசரத்தில் வெடுக்கென்று ஒரு வார்த்தையும் சேர்த்திருந்தாள். "நாள் பூரா அந்த டேப்லெட்டையே நோண்டாம, கீழ வெச்சுட்டு நேரத்துக்குச் சாப்பிடுங்க அத்தை."

கடைசியாகப் பேசியது அதுவாகவே இருந்துவிடுமோ?

எல்லாம் அவள் கொடுத்த வீட்டுப்பாடத்தால் வந்த வினை.

அவள் வரலாற்று ஆசிரியை. மாணவர்கள் கட்டுரை என்ற பெயரில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதித் தள்ளியதில் வெறுத்துப்போய், இந்தப் பருவம் ஒரு புதுமை செய்தாள். இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுங்கள் என்றாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம், ஆதாரம் என்று அவள் வாய் ஓயாமல் கேட்டதில் அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

செயலாளருக்கு இந்தத் திட்டம் வெல்லக்கட்டியாக இனித்தது. மெயில், அரட்டை என்று எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்த கல்லூரி இணையத்தில் கலைக்களஞ்சியத்தை மட்டும் திறந்துவிடச் சொன்னார். பதிலுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்... தன்னைப் பற்றியும் ஒரு கட்டுரை!

இளவயதில் ஆற்றில் படகு கவிழ்ந்தபோது குதித்துப் பல உயிர்களைக் காப்பாற்றிய வீரர் என்று எழுதினார்கள். புதிதாகக் கட்டிய பாலத்துக்கு அவர் பெயரையே வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

அந்த வரிக்குப் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று குத்திவிட்டுப் போனார் ஒரு நிர்வாகி. கலைக்களஞ்சியத்தைக் காவல் காக்கும் தன்னார்வலர்களில் ஒருவர். புனைபெயர் 'கறார்'. ஆளும் அப்படித்தான். மேடத்தின் வகுப்பைப் பருவம் முழுக்கப் படுத்தி எடுத்தவர். 'மாணவர்கள் எழுதட்டும், ஆசிரியர் முதலில் விதிகளைப் படிக்கட்டும்' என்று பொதுவில் எழுதி மானத்தை வாங்கியவர். அன்று மேடம் வீட்டில் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அந்த ஆதாரத்தைத் தேடித்தான் உஷ் சாரிடம் சொல்லி வைத்திருந்தாள். இன்று காலையில், செயலாளர் அறை வாசலில் வைத்து, அவர் அவள் காதருகே குனிந்து முணுமுணுத்தார்.

"மேடம், நீங்க கேட்ட ஆதாரம் கெடைச்சிருச்சு. ஆனா நீங்க எழுதின மாதிரி இல்ல."

மேடம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரிகளிலிருந்த கட்டுகளெல்லாம் கலைந்து கிடந்தன. செயலாளரின் கைவரிசை. ஆனால் ஸ்கேனர் மூடி மட்டும் சரியாகப் படியாமல் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

திறந்தாள். உள்ளே குப்புறக் கிடந்தது ஒரு மஞ்சள் பூத்த பேப்பர்.

'படகு கவிழ்ந்தது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி ஓட்டிய கல்லூரி நிறுவனரின் மகன், பயணிகளைத் தவிக்க விட்டு நீந்தித் தப்பினார்.'

நிறுவனரின் மகன் என்றால் இந்தச் செயலாளர்தான். அப்பா காசை இறைத்து ஊரிலிருந்த பிரதிகளையெல்லாம் அள்ளியிருக்க வேண்டும். நிலவறையை மறந்துவிட்டார்.

"கெடைச்சுதா டீச்சர்? கதவுக்கு அடியில தள்ளுங்க. உங்களை விட்டுடறேன்."

தள்ளினால் விடமாட்டார். தள்ளாவிட்டாலும் விடமாட்டார். உஷ் சாரின் மூச்சு வேறு தேய்ந்துகொண்டே வந்தது.

"தேடறேன் சார். நெறைய இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கல்லூரி இணையத்தில் திறந்திருக்கும் ஒரே ஜன்னல் கலைக்களஞ்சியம். மாணவர்கள் பார்ப்பார்களா? மதிப்பெண் வந்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிற மாணவன் இன்னும் பிறக்கவில்லை. செயலாளரின் கட்டுரையையாவது யாரேனும் பார்க்கக்கூடும். அதைத் திறந்து, தலைப்புக்குக் கீழேயே தட்டினாள்.

'இவர் என்னையும் நூலகரையும் கல்லூரி நிலவறையில் அடைத்து வைத்திருக்கிறார். நூலகர் உயிருக்குப் போராடுகிறார். போலீசை அழையுங்கள்.'

சேமித்தாள். மறுபடி பக்கத்தைத் திறந்தாள்.

வரியைக் காணோம்!

நீக்கியவர்: உண்மை விளம்பி. காரணம்: ஆதாரம் இல்லை.

வெளியே சிரிப்புச் சத்தம்.

"என்ன டீச்சர்... நீங்க சொல்லிக்குடுத்ததுதானே? ஆதாரம் இல்லாத வரியைக் கண்டா உடனே தூக்கிடணும்னு?"

மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. செயலாளரின் கட்டுரையில் நாளும் பொழுதும் புகழ்மாலை சூட்டிவந்த அந்த உண்மை விளம்பி... அவரேதான்! தன் கட்டுரைக்குத் தானே காவல். ஓர் எழுத்து மாறினாலும் அவர் போனுக்குத் தகவல் போய்விடும்.

மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தார்.

"நீங்க எழுதுங்க, நான் அழிக்கிறேன். எனக்கு ஒண்ணும் அவசர வேலை இல்ல."

மேடம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கண்ணீர் தானாக வந்தது. இந்த மனிதர் இங்கேயே உட்கார்ந்து அழித்துக்கொண்டே இருக்கப்போகிறார். இரண்டு முறை ஆகிவிட்டது, இன்னும் எத்தனை முறை...

எத்தனை முறை?

சட்டென்று நிமிர்ந்தாள்.

ஒரே நாளில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் எழுதியதை நீக்கினால் நிர்வாகிகளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்! வந்து என்ன சண்டை என்று பார்ப்பார்கள். கறார் அவளுக்கே பொதுவில் பாடம் எடுத்த விதி அது. செயலாளர் அந்த விதியைப் படித்திருக்க மாட்டார். தன் கட்டுரையைத் தவிர அவர் அங்கே எதையும் படித்ததில்லை.

ஸ்கேனரை அழுத்தினாள். பேப்பரின் படம் திரைக்கு வந்தது. அதைக் கட்டுரையில் ஏற்றி, அதே வரிகளைப் போட்டு, படகுச் செய்தியையும் சேர்த்தாள். இந்த முறை ஆதாரத்தோடு!

வெளியே மிட்டாய் உருளும் சத்தம் நின்றது.

"அப்ப பேப்பர் உன் கையிலதான் இருக்கு..." மரியாதை காற்றில் போயிருந்தது. "கதவைத் திற."

"மொதல்ல அதை அழிங்க சார். ஊரே பார்க்குது."

அழித்தார். மூன்று.

மேடம் மறுபடி போட்டாள். அழிப்பாரா? கதவை இடிப்பதில் இறங்கிவிடுவாரா?

தன்னைப் பற்றிய ஒரு கெட்ட வரியை ஒரு நொடிகூடப் பொறுக்க முடியாத மனிதர். அழித்தார்.

நான்கு!

திரையையே பார்த்தாள். வா கறார்... உன்னை எத்தனை திட்டியிருக்கிறேன், அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாமல் வந்துவிடு.

திரை மாறியது.

'பக்கத்தில் இழுபறி செய்த இருவரும் ஒரு நாள் தடை செய்யப்படுகிறீர்கள். பக்கம் பூட்டப்பட்டது. கறார்.'

இருவருமா? அடப்பாவி!

எழுதியதைப் படித்தே பார்க்காமல் விதியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் அந்தக் கல்நெஞ்சன். இனி ஓர் எழுத்துகூட எழுத முடியாது. இருந்த ஒரே ஜன்னலும் மூடிவிட்டது.

வெளியே செயலாளர் கெட்ட வார்த்தையில் கத்தினார். அவருக்கும் தடை வந்திருந்தது. அப்புறம் படியேறும் சத்தம்.

டியூப் லைட் அணைந்தது. கம்ப்யூட்டர் செத்தது. மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டார்.

கும்மிருட்டு.

திரும்பி வந்த காலடியோடு ஏதோ தளும்பும் சத்தமும் வந்தது. அடுத்து மூக்கில் ஏறியது வாசனை. பெப்பர்மின்ட் இல்லை... ஜெனரேட்டருக்கு வைத்திருந்த பெட்ரோல்! கதவுக்கு அடியில் அது வழிந்து அவள் கால்விரலைத் தொட்டது.

"பழைய பேப்பர் ரூம்தானே. தீப்பிடிக்கிறதெல்லாம் சகஜம்."

மேடம் உஷ் சாரின் அக்குளில் கைகொடுத்து அறையின் கோடிக்கு இழுத்தாள். அதற்கு மேல் இழுக்க இடமில்லை. முதுகில் சுவர் இடித்தது. அவர் ஏதோ முனகினார்.

"உஷ்..." என்றாள் மேடம், முதன்முறையாக அவரைப் பார்த்து.

வெளியே தீப்பெட்டியைத் தேடும் சத்தம். பிறகு... தடதடவென்று படிகளில் பல கால்கள்! யாரோ விழுந்தார்கள். மிட்டாய் டப்பா ஒன்று கலகலவென்று உருண்டது. பூட்டு திறக்கும் சத்தம். கதவில் தட்டல்.

"போலீஸ். தாழ்ப்பாளை எடுங்க."

பெண் குரல். செயலாளர் யாரையாவது கூட்டிவந்து நடிக்க வைக்கிறாரோ? மேடம் நகரவில்லை.

"போலீஸ்னு என்ன ஆதாரம்?"

வெளியே இன்னொரு குரல், நன்றாகப் பழகிய குரல், அலுத்துக்கொண்டது.

"நான்தான்மா ஆதாரம். கதவைத் திற."

மாமியார்!

உஷ் சாரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மேடத்துக்குக் கால் தரையில் பாவியது. செயலாளர் விலங்கோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். நூலக வாசலில் மாமியார், கையில் அதே டேப்லெட்.

"அத்தை... உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மாமியார் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். கலைக்களஞ்சியம் திறந்திருந்தது. மேல் மூலையில், உள்நுழைந்தவரின் பெயர்.

கறார்.

மேடம் டேப்லெட்டைப் பிடுங்கி மறுபடி பார்த்தாள்.

"பருவம் பூரா என் வகுப்பைப் பந்தாடினது... நீங்களா?"

"மருமகளோட வகுப்புன்னு சலுகை காட்டினா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"சரி, காப்பாத்த வர்றவங்க என்னை எதுக்குத் தடை பண்ணீங்க?"

"அவனை மட்டும் தடுத்தா, யாரோ படிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சு உஷாராயிடுவான். ரெண்டு பேரையும் தடுத்தா, எவனோ விதி பைத்தியம்னு நினைச்சுப்பான். நீயும் அப்படித்தானே நினைச்சே?"

கல்நெஞ்சன் என்று நினைத்ததை மட்டும் மேடம் விழுங்கிக்கொண்டாள்.

பெண் இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். இருட்டில் கீழே விழுந்த அசல் பேப்பர் பெட்ரோலில் ஊறி எழுத்தெல்லாம் கரைந்துவிட்டதாம். மேடம் ஏற்றிய படம்தான் இனி சாட்சி, அது பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார்.

"அழிச்சுட்டேன்" என்றாள் மாமியார்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் வெளிறியது.

"பதிப்புரிமை விவரம் போடாம படத்தை ஏத்தியிருந்தா. விதின்னா விதிதானே? பயப்படாதீங்க, உங்க ஸ்டேஷனுக்கு மெயில்ல ஒரு காப்பி அனுப்பிட்டுத்தான் அழிச்சேன்."

மேடம் அழுதுகொண்டே சிரித்தாள். மாமியாரின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"என் தடையையாவது எடுத்துடுங்க அத்தை."

"அது நாளைக்குத்தான் முடியும். அதுவரைக்கும் நீயும் கம்ப்யூட்டரை நோண்டாம, கீழ வெச்சுட்டு நேரத்துக்குச் சாப்பிடு!"