கைகட்டி நின்றவன்

1926-ல் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். சன்னாசிக் கங்காணியின் வீட்டைச் சோதனை போட வேண்டும். வனவிலங்குக் காவலாளி என்று அரசாங்கம் எனக்கொரு காக்கிக் கோட்டு கொடுத்திருந்தது. உங்கா என்கிற வாலில்லாக் குரங்கின் தாயைச் சுட்டுப்போட்டு, குட்டியை ஈப்போ பணக்காரர்களுக்குக் கங்காணி விற்பதாகத் தகவல். என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார்.

வீட்டுக்குள் ரப்பர்ப்பால் புளித்த வாடை. மூலையில் கிடந்த சாக்கைத் தூக்கினேன். கறுப்புக் குட்டி ஒன்று பாய்ந்து, தாயின் மயிரைப் பற்றுவதைப்போல் என் பனியனைப் பற்றிக்கொண்டது.

கங்காணி பதறவில்லை.

"அப்பாவு, ஒன்னயக் கப்பலேத்திக் கூட்டியாந்தவன் நானு. நீயே என்னயக் காட்டிக் குடுப்பியா?"

வெளியே துரையின் கார் வந்து நின்றது.

நான் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வாய் கூசுகிறது.

துரை உள்ளே வந்ததும் கைகட்டி நின்றேன். துரைமார் முன்னால் நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தானே நிற்போம்? அவருக்குச் சந்தேகமே வரவில்லை. குட்டி முனகியது. கட்டிய கைகளால் அமுக்கினேன். ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே இன்னும் அமுக்கினேன்.

கார் போன பிறகு கோட்டைத் திறந்தேன். குட்டி செத்திருந்தது. பனியனிலிருந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். கங்காணி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவன்.

மறுநாள் விடியற்காலையில் உங்காவின் கூவல் கேட்டது.

காட்டிலிருந்து அல்ல. என் கோட்டுக்குள்ளிருந்து.

கோட்டைத் துவைத்தேன், வெயிலில் காயப்போட்டேன். ஈர மயிர் வாடை போகவில்லை. போட்டால் நெஞ்சில் ஒரு சின்னக் கனம்.

ஒன்பதாம் நாள் பட்டப்பகலில் ஈப்போ ஆபீசுக்குப் போய், கணக்கெழுதும் கிராணி ஜெயபாலனிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். கங்காணி பேரையும் சொன்னேன். கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். இனி அந்தக் குட்டி என்னை விட்டுவிடும் என்று நினைத்தேன்.

எழுதிக்கொண்டிருந்த ஜெயபாலன் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, நான் என்ன தொரையா? எதுக்குக் கைகட்டி நிக்கிறீங்க? எடுங்கலா."

குனிந்து பார்த்தேன். என் கைகள் இரண்டும் நெஞ்சை இறுக்கி அமுக்கிக்கொண்டிருந்தன.

பதறிப்போய் எடுத்தேன்.

அடியில் எதுவுமில்லை. பனியன் மட்டும் ஓரிடத்தில் கொத்தாகச் சுருண்டிருந்தது. நாங்கள் இருவரும் பார்க்கப் பார்க்க, அந்தச் சுருக்கம் இன்னும் கொஞ்சம் இறுகியது.