இடித்தபின் கிடைத்த சுவர்

காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கியபோது, தியேட்டர் இருந்த இடத்தில் கல்லும் கம்பியும்தான் கிடந்தன. அந்த அம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. முந்தாநாள் பகலில், காட்சி இல்லாத நேரத்தில் தீ. வாட்ச்மேன் கருகிச் செத்தார். தடயம் எடுப்பதற்குள் கட்டடமே தரைமட்டம்!

"யாரைக் கேட்டு இடிச்சீங்க?"

"மேனேஜர் சார்தான் அவசரப்படுத்தினாரு, மேடம். சுவர் சாஞ்சிடும்னாரு," என்றார் புல்டோசர்காரர்.

மேனேஜர், தியேட்டர் முதலாளியின் மாப்பிள்ளை. தியேட்டரை விற்றுவிடலாம் என்று மாமனாரை நச்சரித்து வந்தவர். முதலாளி மசியவில்லை. அவருடைய அப்பா நாடகக் கொட்டகையாகக் கட்டியது அது. சினிமா வந்த பிறகும் திரைக்குப் பின்னால் பழைய மேடை அப்படியே இருந்தது. வாட்ச்மேன் பகலில் படுப்பது அங்கேதான்.

படம் ஓட்டும் ஆபரேட்டர் லாக்கப்பில் இருந்தார். புரொஜெக்டர் கேபினில் சிகரெட்டை அணைக்காமல் போட்டுப் படச்சுருளைக் கொளுத்திவிட்டார் என்று வழக்கு. சாட்சி, மாப்பிள்ளை.

இன்ஸ்பெக்டர் இடிபாட்டில் ஏறினார். கேபினின் முன்சுவர் உடையாமல் மல்லாந்து கிடந்தது. படம் காட்டும் ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் இரும்புத் தகடு. தகடுகளைப் பருத்தி நூலால் ஆணியில் கட்டியிருந்தார்கள். அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நேராக முதலாளி வீட்டுக்குப் போனார்.

"தீயை எங்க பார்த்தீங்க?" மாப்பிள்ளையிடம் கேட்டார்.

"ஹால்ல நின்னேன். கேபின் ஓட்டை வழியா உள்ள ஒரே ஜுவாலை. அங்கிருந்துதான் திரைக்குப் பரவுச்சு."

"கேபினுக்குள்ள எப்பவாவது போயிருக்கீங்களா?"

"அந்தப் புழுக்கத்துல நான் எதுக்குப் போகணும்?"

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து ஸ்டேஷனுக்குப் போன் செய்து, ஆபரேட்டரைக் கூட்டிவரச் சொன்னார். வந்ததும், "அந்தத் தகடு எதுக்குய்யா?" என்றார்.

"கேபின்ல தீப்பிடிச்சா முதல்ல நூல் எரியும், மேடம். தகடு விழுந்து ஓட்டையை மூடிக்கும். தீ ஹாலுக்கு வராது."

இன்ஸ்பெக்டர் அவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். படத்தை மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நூல் ஒண்ணுகூடக் கருகலை. கேபின்ல தீயே இல்லை. உள்ள தீ எரிஞ்சிருந்தா தகடு விழுந்திருக்கும், உங்க கண்ணுக்கு ஜுவாலை தெரிஞ்சிருக்காது. தீ வெச்சது திரைக்குப் பின்னால. தியேட்டரை விக்கணும்னு வெச்சது நீங்க. பழியைத் தூக்கி இவர் தலையில போட்டீங்க."

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது. "அங்க ஆள் தூங்கறான்னு எனக்குத் தெரியாது..."

"எட்டிப் பார்க்கக்கூடத் தோணலையா? ஒரு மனுஷன் வெந்து செத்திருக்கான்யா!" இன்ஸ்பெக்டரின் குரல் தெருவரை கேட்டது.

முதலாளி கைகூப்பினார். "அம்மா, என் பொண்ணு வாழ்க்கை... விபத்துன்னு எழுதிடுங்க. வாட்ச்மேன் வீட்டுக்கு வேண்டியதை நான் செய்யறேன்."

இன்ஸ்பெக்டர் வாய் திறப்பதற்குள் ஆபரேட்டர் முன்னால் வந்தார்.

"நான் உள்ள கிடந்தப்போ என் பொண்டாட்டி உங்க வாசல்ல நின்னு கதறினாளே, மொதலாளி. அவளும் ஒருத்தர் பெத்த பொண்ணுதான். கதவையாவது திறந்தீங்களா?"

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையின் கையில் விலங்கை மாட்டி, அதே வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போனார்.