பதிமூன்றாம் எண்ணில் ரத்தம்!

செல்போன் அலறியது!

காலை ஒன்பது நாற்பது. மைசூர் அக்ரஹாரத்தில், கீழே பூக்கடை, மேலே ஆபீஸ் என்றிருந்த ஒரு பழைய கட்டிடம். மாடியில் ‘கிரிஸ் கேட்டலாக் சர்வீஸ்’ என்று போர்டு. ஜோதிமணி அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்திருந்தாள்.

போனில் அருண்ராஜ். அவளுடைய அக்கா மோகனப்ரியாவின் கணவன்.

“சொல்லுங்க மாமா...”

“ஜோதி...! குக்கர் வெடிச்சுப் போச்சு ஜோதி...! மூடி பறந்து வந்து உங்கக்கா மூஞ்சில... கண்ணெல்லாம் ரத்தம்...!”



“எ... எந்தக் குக்கருங்க மாமா?”

“புதுசு. மகாவிசில். ஆன்லைன்ல வந்தது. என்ற தங்கச்சி பார்த்து விடற கடை, கண்ண மூடிட்டு வாங்கலாம்னு சொன்னாளே பாவி...! ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்க. கண்ணு நிக்குமான்னு சொல்ல முடியாதுங்கறாங்க. நீ கெளம்பி வா!”

என் தங்கை பார்த்து விடற கடை!

அந்த வார்த்தை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அது உண்மை.

ஆன்லைனில் ஒரு பொருள் விற்பனைக்கு வர வேண்டுமானால், அதன் பெட்டியில் இருக்கும் பார்கோடு எண் முதலில் இந்த ஆபீஸுக்கு வரும். கறுப்புக் கோடுகளுக்குக் கீழே பொடி எழுத்தில் பதிமூன்று இலக்கம் இருக்குமே, அதுதான். எண் நிஜமா, அந்தப் பொருளுக்கே உரியதா என்று மிஷின் பார்க்கும். பச்சை காட்டினால் கடைக்குப் போகும். சிவப்பு காட்டினால் குப்பைக்குப் போகும். சிவப்பை மனுஷக் கையால் பச்சையாக்கவும் ஒரு பட்டன் உண்டு. தொட்டால், தொட்டவர் பெயர் பதிவாகும்.

இரண்டு வருடத்தில் ஜோதிமணி அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை.

ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு படிக்கு ஓடினாள்.

படியை அடைத்துக்கொண்டு காக்கிச்சட்டை நின்றது!

இன்ஸ்பெக்டர் கரியப்பன். கொள்ளேகால் பக்கத்து ஆள், தமிழ் சரளமாக வரும். பின்னால் கான்ஸ்டபிள் கெம்பம்மா, கையில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டியின் மூலையில் ரத்தம் காய்ந்திருந்தது.

“ஜோதிமணி யாரு?”

“நானுங்க சார். வழி விடுங்க, என்ற அக்கா ஆஸ்பத்திரில...”

“தெரியும். அந்த வீட்டுல இருந்துதான் வரேன். இது உங்கக்கா வீட்டுப் பொட்டி.” கரியப்பன் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். “போன வாரம் இதே குக்கர் வெடிச்சு ஒரு மெஸ் மாஸ்டர் செத்துப் போனாரு. அப்பவே அந்த ஆன்லைன்காரங்ககிட்ட லிஸ்ட் கேட்டேன். நேத்து சாயங்காலம் வந்துச்சு. மகாவிசில்ல மொத்தம் பதினோரு அயிட்டம். பதினொண்ணும் சிவப்பு. பதினொண்ணையும் பச்சையாக்குன கை யாருது தெரியுமா?”

“யாருதுங்க?”

“உன்னுது!”

ஜோதிமணி காகிதத்தைப் பிடுங்கினாள். பதினோரு வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவள் பெயர்!

“பொய்யி! சத்தியமாப் பொய்யிங்க சார்! சொந்த அக்கா அடுப்புல குண்டு வெப்பனா நானு?”

சத்தம் கேட்டுக் கண்ணாடி ரூமிலிருந்து முதலாளி கிரிஸ் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மூஞ்சி வெளுத்துப் போனது. அடுத்த நிமிஷமே சிவந்தது.

“இன்ஸ்பெக்டர், ப்ளீஸ், டேக் ஹர்! இந்தப் பொண்ணு செஞ்சதுக்கு என் கம்பெனி ஒண்ணும் பண்ண முடியாது. சிஸ்டம்ல பேர் இருக்குல்ல? முடிஞ்சு போச்சு!”

ரத்தம் கொதிக்காதா பின்னே? அக்கா தியேட்டருக்குள்ளே கிடக்கிறாள். இந்த மனுஷன் கம்பெனியைக் கழுவிக்கொண்டிருக்கிறான்!

“பேர் இருந்தா நான்தானா?” ஜோதிமணி தன் கீபோர்டைப் புரட்டிப் போட்டாள். அடியில் ஒரு மஞ்சள் சீட்டு. அதில் அவளுடைய பாஸ்வேர்டு. “இதை எழுதி ஒட்டச் சொன்னது யாருங்க? லீவு போட்டா வேலை நிக்கப்படாதுன்னு ரூல் போட்டது யாருங்க? நீங்கதானே! இந்த ஆபீஸ்ல யாரு வேணா என்ற பேர்ல பூந்துக்கலாம். நீங்களும் பூந்துக்கலாம்!”

“ஏய்! என்னையே சொல்றியா?”

“உங்களைத்தான் சொல்றேன்! என்ன பண்ணுவீங்க?”

“ஐயோ கண்ணு, சும்னே இரு... சும்மா இரு...”

ஓடி வந்து அணைத்துக்கொண்டவள் ஹில்டா. டீம் லீடர், நாற்பத்தைந்து வயது. பெங்களூரில் ஏழு வருடம் அமெரிக்கக் கடைகளுக்கு பார்கோடு பார்த்துவிட்டு, கணவர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் ஏதோ தொழில் ஆரம்பித்த பிறகு மைசூருக்கு வந்தவள். ஜோதிமணியும் அவளும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிற சிநேகம்.

“அழாதே. நீ போலீஸோட போயிட்டு வா. வக்கீலுக்கு நான் சொல்றேன். ஆஸ்பத்திரிக்கும் நானே போறேன். உங்கக்கா எனக்குத் தங்கச்சி இல்லையா?”

“நீங்க ஒருத்தராச்சும் இருக்கீங்களே ஹில்டாக்கா...”

கெம்பம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“பத்து நிமிஷம் சார்!” ஜோதிமணி கையை உதறினாள். “பத்தே நிமிஷம் குடுங்க. ஜெயில்ல போடுங்க, வேண்டாங்கல. ஆனா என்ற பேரை எடுத்து என்ற அக்கா கண்ணைக் குத்துனவன் எவன்னு தெரியாம நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்!”

கரியப்பன் வாட்ச்சைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பத்து. பதினொண்ணு ஆகக் கூடாது.”

ஜோதிமணி லிஸ்டோடு தன் மேஜைக்குப் போனாள். பேனாவை எடுத்தாள்.

மிஷின் சிவப்பு என்று மட்டும்தான் சொல்லும். ஏன் சிவப்பு என்று சொல்லாது. அதைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஆபீஸில் யாரும் கையால் கணக்குப் போட்டதே கிடையாது... மிஷின் இருக்கும்போது எவனுக்குப் பைத்தியம்?

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. பதிமூன்றாம் எண் என்பது முதல் பன்னிரண்டுக்குக் காவல்காரன். முதல் எண்ணை ஒன்றால் பெருக்க வேண்டும், இரண்டாவதை மூன்றால். மறுபடி ஒன்று, மறுபடி மூன்று. எல்லாவற்றையும் கூட்டினால், அடுத்த பத்தைத் தொட எத்தனை குறைகிறதோ அதுதான் பதிமூன்றாம் எண்.

முதல் பெட்டி... கடைசி எண் தப்பு.

இரண்டாவது... தப்பு.

மூன்றாவது... தப்பு!

ஐந்தாவதுக்கு வரும்போது பேனா நின்றது. ஏதோ உறுத்தியது. முதலிலிருந்து மறுபடி போட்டாள், இந்த முறை வேறு மாதிரி. ஆறு... ஏழு... எட்டு... பதினொன்றும் முடிந்தது.

 மேஜை மேல் அவளும் ஹில்டாவும் சாப்பிடுகிற டப்பா இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு எழுந்து வந்தாள்.

“சார், இந்தக் கடைசி நம்பரை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு நீங்க பார்க்கோணும். எனக்குக் கை நடுங்குது. மொதலாளி, நீங்க போட்டுக் காட்டறீங்களா?”

“நானா?” கிரிஸ் எரிந்து விழுந்தார். “எனக்கு அதெல்லாம் தெரியாது! போட ஆள் வெச்சிருக்கேன்ல?”

“அப்ப நீங்க போடுங்க ஹில்டாக்கா. சாருக்குப் புரியற மாதிரி.”

“அதுக்கென்ன கண்ணு.” ஹில்டா சுவரில் இருந்த வெள்ளைப் பலகைக்குப் போய் மார்க்கரை எடுத்தாள்.

“நம்பரை நீங்களே சொல்லுங்க சார். ஏதாச்சும் பன்னெண்டு.”

கரியப்பன் யோசிக்கக்கூட இல்லை. “ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒம்போது வரைக்கும் போடு. அப்புறம் சைபர், ஒண்ணு, ரெண்டு.”

ஹில்டாவின் கை பலகையில் பறந்தது. பெருக்கினாள். கூட்டினாள். சுளுவாக முடித்துவிட்டுத் திரும்பினாள்.

“மொத்தம் நூறு சார். குறையறது ஒண்ணுமில்ல. அதனால கடைசி நம்பர் சைபர்.”

“எட்டு,” என்றாள் ஜோதிமணி.

கை நடுங்கவில்லை. குரல்தான் நடுங்கியது. அதுவும் பயத்தில் அல்ல!

“மொத்தம் தொண்ணூத்திரெண்டு வரணும். குறையறது எட்டு. எனக்கு நம்பிக்கை இல்லேன்னா மிஷின்ல போட்டுப் பாருங்க சார்.”

கெம்பம்மா போய்த் தட்டினாள். கடைசியில் சைபர் போட்டதும் சிவப்பு. எட்டு போட்டதும் எண்ணைச் சரி என்றது மிஷின்.

ஹில்டா சிரித்தாள். “அவசரத்துல தப்பாயிடுச்சு. இதுக்குப் போய்...”

“அவசரத்துல ஆகலக்கா. பழக்கத்துல ஆச்சு! அமெரிக்கா நம்பருக்குப் பன்னெண்டு இலக்கம். அங்க மூணால பெருக்க ஆரம்பிக்கோணும். நம்ம நம்பருக்குப் பதிமூணு. இங்க ஒண்ணுல ஆரம்பிக்கோணும். நீங்க இப்ப மூணுல ஆரம்பிச்சீங்க. ஏழு வருஷப் பழக்கம், கை தானாப் போகுது!” ஜோதிமணி லிஸ்டை இன்ஸ்பெக்டர் முன்னால் அடித்து வைத்தாள். “மூணுல ஆரம்பிச்சுப் பாருங்க சார். பதினோரு நம்பரும் டக்கு டக்குன்னு வந்து உட்காரும். ஒண்ணு பொருந்துனா தற்செயல்னு விட்டரலாம். பதினொண்ணுமா?”

ஹில்டாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“எவனோ தப்பாக் கணக்குப் போட்டா அது நானா? இன்ஸ்பெக்டர், இந்தப் பொண்ணு தப்பிக்கறதுக்கு...”

“இந்த ஆபீஸ்ல அமெரிக்கா வேலை பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான்!” ஜோதிமணி கத்தினாள். “நம்பரை இட்டுக்கட்டிப் பொட்டியும் அச்சடிச்சாச்சு. இங்க வந்தா சிவப்பு! பொட்டியை மாத்த முடியாது. அதனால மத்தியானம் டப்பா கழுவிட்டு வரேன்னு போய், என்ற பேர்ல பூந்து பட்டனைத் தட்டியிருக்கீங்க. லிஸ்ட்ல நேரம் பாருங்க சார். எல்லாமே ஒண்ணு பத்துல இருந்து ஒன்றரைக்குள்ள!”

ஜோதிமணியின் போன் அடித்தது. அருண்ராஜ்.

“மாமா...?”

“வலது கண்ணு தப்பிச்சுது ஜோதி.” அந்தப் பக்கம் விசும்பல். “இடது... எடுத்துட்டாங்க...”

ஜோதிமணி போனை மெதுவாக மேஜையில் வைத்தாள். நேரே ஹில்டாவிடம் நடந்தாள்.

பளார்!

ஆபீஸே அதிர்ந்தது. கிரிஸ் இரண்டடி பின்னால் போனார். கெம்பம்மா தடுக்கவில்லை. அப்போது பார்த்து அவளுக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமாகத் தெரிந்துவிட்டது.

“அக்கா அக்கான்னு ஒரே டப்பாவுல தின்னேனே உங்கூட! என்ற அக்கா கண்ணைப் புடுங்கிட்டு, எனக்கு வக்கீல் வெக்கறியா நீ? தூ!”

“நான் என்ன வெடிக்கும்னு நெனச்சா...” என்று ஆரம்பித்த ஹில்டா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ம்... சொல்லும்மா,” என்றார் கரியப்பன். “பாதியில நிறுத்தாதே.”

பதிலுக்கு ஹில்டாவின் போன்தான் அடித்தது. அவள் பாய்வதற்குள் கரியப்பன் எடுத்துவிட்டார். திரையில் ‘ஸ்டானிஸ்லாஸ்’. ஸ்பீக்கரைத் தட்டினார்.

“ஹில்டா! புது நம்பர் ரெடியா? பொட்டி அச்சடிக்கறவன் ஷெட்டுல வந்து நின்னுட்டிருக்கான். மகாவிசில் அஞ்சு லிட்டர் குக்கருக்கு ஒண்ணு, மூணு லிட்டருக்கு ஒண்ணு. பேகா, சீக்கிரம் சொல்லு!”



கரியப்பன் போனை ஜோதிமணியின் பக்கம் நீட்டினார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நம்பர் சொல்ற ஆளு மாறியாச்சுங்க. பேனா இருக்குதுங்களா?”

“யாரது...? ம், இருக்கு, சொல்லு!”

“ஒண்ணு... ஒண்ணு... ரெண்டு!”

“அப்புறம்?”

“அவ்வளவுதானுங்க. போலீஸ் நம்பர். இதை ஒண்ணுல ஆரம்பிச்சுப் பெருக்குனாலும் சரி, மூணுல ஆரம்பிச்சுப் பெருக்குனாலும் சரி... விடை ஜெயில்தான்!”