தட்டு முடியட்டும்

டெலிபோன் அலறியது.

பிணத்தைத் தாண்டித்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் விஜயன் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ரிசீவரைத் தூக்கினார்.

"சார்... நான் நாகையா. கிள்ளான்லேருந்து. அந்தப் பெரிய தட்ட வேற யாருக்கும் காட்டிடாதீங்க. சிங்கப்பூர்ல ஒரு ஆளு பைத்தியமா அலையிறாரு. நேத்து சொன்ன மாதிரி ஒரு தடவ போட்டுப் பாத்தீங்களா?"

"நான் போலீஸ். வீரசிங்கம் இன்னிக்குக் காலைல செத்துட்டாரு."

அந்தப் பக்கக் குரல் தாழ்ந்தது.

பிறகு மெதுவாக...

"தட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

விஜயன் ரிசீவரை வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். அந்தக் குரலே கையில் ஒட்டிக்கொண்டது போலிருந்தது.

1983. பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பழைய பங்களா. வீரசிங்கம் ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னறை முழுக்கக் கூரை வரைக்கும் இசைத்தட்டுகள். பூஞ்சை பிடித்த உறைகள். உறைகளுக்குள் பல்லி முட்டை, கரப்பான் பூச்சிக் கழிவு. அந்த நாற்றத்தோடு கருகிய தோலின் நாற்றம்.

நடுவில் அவர் மல்லாந்து கிடந்தார். இடுப்பில் கட்டிய சாரம் நனைந்திருந்தது. திறந்த வாயோரம் எறும்புகள் வரிசை கட்டியிருந்தன.

பக்கத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயர். அதற்குப் பக்கத்தில் இரும்பால் செய்த பிரம்மாண்டமான டர்ன்டேபிள் டெக். ஏதோ வானொலி நிலையத்தின் ஏலத்தில் எடுத்ததாம். அதன் மேல் சாப்பாட்டுத் தாம்பாளம் அளவுக்கு ஒரு கறுப்புத் தட்டு.

"கரண்ட் அடிச்சிருக்கு துவான்," என்று மேலதிகாரியை மலாய் முறையில் விளித்துச் சொன்னார் சார்ஜன்ட் பாலன். "பழைய சாமான்லா. விபத்துதான்."

"ரெண்டு கையையும் பாருங்க."

பாலன் குனிந்தார். வலது கை விரல் நுனிகள் கருகியிருந்தன. இடது உள்ளங்கையிலும் ஒரு சூடு.

"வலது கை ஊசிக் கம்பியத் தூக்கியிருக்கு. இடது கை ஆம்ப்ளிஃபயர் மேல. ஒரு கையில ஏறின கரண்ட் நெஞ்ச கடந்து மறு கையில இறங்கியிருக்கு. ப்ளக்க கழட்டிட்டு அந்த டெக்க திருப்புங்க."

பாலன் திருப்பினார்.

மின்சாரம் வரும் வயரிலிருந்து கிளையாக ஒரு சின்ன வயர். அது நேராக ஊசிக் கம்பியின் அடியில் போய் முடிந்தது. பற்றவைத்த ஈயம் புத்தம் புதிதாகப் பளபளத்தது.

"விபத்து இல்ல துவான்."

"இல்ல. அந்த வயர வெட்டி எடுத்து பத்திரப்படுத்துங்க. டெக் ஓடுற மாதிரி இருக்கட்டும். எனக்கு அந்தத் தட்ட கேக்கணும்."

பிணம் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோதே நாகையா வந்து இறங்கினார். கிள்ளான் டவுனில் பழைய ரெக்கார்ட் கடை வைத்திருப்பவர். தொப்பை, தங்கச் சங்கிலி, கக்கத்தில் ஒரு மெல்லிய போர்வை.

"போர்வை எதுக்கு?" என்று கேட்டார் விஜயன்.

"தட்ட சுத்த பாஸ். கீறல் விழுந்தா போச்சு."

"செத்தவர் மூஞ்சியக்கூட நீங்க பாக்கல."

"பாத்து என்ன பாஸ் செய்யிறது? மனுசன் போயிட்டாரு. தட்டாவது பொழைக்கட்டும்."

விஜயன் ஓர் அடி தள்ளி நின்றார். பிணத்திடமிருந்துகூட அவர் அப்படித் தள்ளி நிற்கவில்லை.

"அதுல என்ன இருக்கு?"

நாகையாவின் கண்கள் மினுங்கின.

"பதினாறு வருசத்துக்கு முன்னால சாரே பதிவு பண்ணி வெட்டின தட்டு. அப்ப இந்த ஊர்ல வேற எவன்கிட்டயும் தட்டு வெட்டுற மெசின் கெடையாது. உலகத்துலயே ஒரே ஒரு காப்பி. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாங்க அஞ்சாறு பேரு இங்க வந்து கேப்போம். வேற எந்தத் தட்டும் இந்த டெக்ல ஏறாது. இதுக்குன்னே வெச்சிருந்தாரு."

"போடுங்க. கரண்ட சரி பண்ணியாச்சு. பயப்பட வேணாம்."

நாகையா விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூங்க வைப்பவர் போல ஊசியை இறக்கினார்.

இரைச்சல்... பிறகு ஒரு சிறுமியின் குரல். தேவாரம்.

இனிமையான குரல்தான். இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியில் மூச்சு வாங்கியது. இருமல். நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போல ஓர் இழுப்பு.

"அப்பா... ஏலாது அப்பா..."

ஓர் ஆணின் குரல். நிதானமான குரல்.

"நில்லு பிள்ளை. தட்டு முடியட்டும்."

இழுப்பு நீண்டது. நாற்காலி சரியும் சத்தம். நகங்கள் பலகையைப் பிறாண்டும் சத்தம். இழுப்பு... இடைவெளி. இழுப்பு... இன்னும் நீண்ட இடைவெளி.

பிறகு ஒன்றுமில்லை. ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பாலன் வெளியே ஓடினார். முற்றத்தில் அவர் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா பாஸ்?" நாகையா கிசுகிசுத்தார். "பக்கத்துலயே மூச்சு விடுற மாதிரி இல்ல? இப்ப வர்ற எந்த மெசின்லயும் இந்தத் தெளிவு வராது."

விஜயன் அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார்.

"இது யாரு?"

"சாரோட மக... தவமணி. இழுப்பு நோய் இருந்துச்சு. பழைய கதை பாஸ். நாங்க யாரும் ஒண்ணும் செய்யல. கேட்டோம். அவ்வளவுதான்."

"டீ குடிச்சுக்கிட்டே கேட்டீங்க."

நாகையாவின் கண் டெக்கின் பக்கம் போனது.

"இந்த டெக்க ரிப்பேர் செஞ்சது நீங்கதானே?"

"ஐயோ, நான் யாவாரி பாஸ். ஈயம் பத்த வைக்கவே எனக்குத் தெரியாது. சாருக்குக் கை நடுக்கம். எல்லா வேலையும் ஆன்டிதான் செய்வாங்க."

விஜயனின் பிடி தளர்ந்தது.

அப்போதுதான் வாசலைக் கவனித்தார். வீரசிங்கத்தின் மனைவி குணபூசணி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தலை, நீலக்கரைச் சேலை. காதில் கேட்கும் கருவி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

நாகையா பழக்க தோஷத்தில் கையை ஆட்டினார்.

"ஆன்டி, அந்தக் காது மெசின ஆஃப் பண்ணுங்க. விசில் வருது. தட்டு ஓடுது."

விஜயனின் பார்வை அந்தக் காதுக் கருவிக்குப் போனது.

"எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவினம்," என்றார் குணபூசணி அமைதியாக. "ஆக்கள் வந்தால் மெசினைக் கழட்டி வை எண்டு அவர் சொல்லுவார். நானும் கழட்டிப்போட்டுத்தான் தேத்தண்ணி கொண்டு வாறனான். போன ஞாயிறு கழட்ட மறந்து போனன் தம்பி. எல்லாம் கேட்டுது."

விஜயன் ஊசியைத் தூக்கினார்.

"உக்காருங்கம்மா."

"வேண்டாம். பிள்ளை செத்த அண்டைக்கு நான் பாசாருக்குப் போயிருந்தனான். தான் ஸ்டேசனில இருந்ததெண்டும், வரேக்குள்ள பிள்ளை கிடந்ததெண்டும் சொன்னவர். நானும் நம்பினன். பதினாறு வருசம் அவருக்குச் சோறு போட்டனான்."

"ஞாயித்துக்கிழமை கேட்டதும்... அவர்கிட்ட ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டால் மெசின் பழுது, பிழையாக் கேட்டிருக்கிறாய் எண்டு சொல்லுவார். அடுத்த நாள் அவர் நித்திரையில இருக்கேக்குள்ள வயரைப் பத்த வைச்சன்."

"அம்மா, நீங்க வக்கீல் இல்லாம பேச வேண்டாம்."

"நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை. ஒளிக்கிறது இந்த வீட்டில அவற்ற வேலை."

விஜயன் அந்தக் கறுப்புத் தட்டைப் பார்த்தார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"இத உடைச்சுப் போட்டிருக்கலாமேம்மா?"

முதல் தடவையாக அந்த முகம் கலங்கியது.

"என்ர பிள்ளையின்ர குரல் தம்பி. வேற எங்க இருக்கு அது? எப்பிடி உடைக்கிறது?"

பாலன் வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே ரயில் ஒன்று கடந்து போனது. அது போய் முடியும் வரைக்கும் விஜயன் காத்திருந்தார்.

"நாங்க உங்கள கொண்டு போகணும்மா. புருசன கொன்னதுக்கு."

"அவரைக் கொல்லுறதுக்கெண்டு நான் வைக்கேல்லை."

விஜயன் நிமிர்ந்தார்.

"புரியல."

"அவருக்குக் கை நடுக்கம். ஊசி தட்டைக் கீறிப்போடும் எண்டு அவர் தொடுறதே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில ஊசி வைக்கிறது..."

குணபூசணி தலையைத் திருப்பினார். நேராக நாகையாவைப் பார்த்தார்.

"...இவர்தான்."

நாகையா டெக்கை விட்டுப் பின்வாங்கினார்.

"முதலில இவர். இவரைப் பிடிச்சு இழுக்க அவரும் தொடுவார் எண்டு நினைச்சன். அவர் இண்டைக்கே ஏன் அவசரப்பட்டாரோ தெரியாது. அந்தத் தட்டைப் போடுற கைக்குத்தான் வைச்சன் தம்பி. எந்தக் கை எண்டாலும் எனக்குச் சரி."

சொல்லிவிட்டுக் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். இனிமேல் யார் சொல்வதையும் அவர் கேட்க வேண்டியதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பாலனுக்கு முன்னால் தானே வேனை நோக்கி நடந்தார்.

நாகையா நாற்காலியில் சரிந்தார். சற்று முன் ஊசி வைத்த தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"பாஸ்..."

"என்ன?"

"கேஸ் முடிஞ்சா... அந்தத் தட்டு யாருக்குப் போகும்?"

விஜயன் அவரை மேலும் கீழும் பார்த்தார். அடிக்கக் கை பரபரத்தது. அடித்தால் கையைக் கழுவ வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"யாருக்குப் போகுமோ தெரியாது. ஆனா மொதல்ல கோர்ட்டுக்குப் போகும். நீங்கதான் என் மொத சாட்சி. ஜட்ஜ் முன்னால, உங்க பொண்டாட்டி பிள்ளைங்க, கிள்ளான்காரங்க எல்லாரும் ஒக்காந்திருக்க, அந்தத் தட்ட போட்டுக் காட்டணும். நீங்களே ஊசி வெக்கிறீங்க."

நாகையாவின் இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்தன.

"நானா... வேணாம் பாஸ்..."

விஜயன் தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்.

"பயப்படாதீங்க அண்ணே. கவர்மென்ட் கட்டடம்... எர்த் வயரெல்லாம் ஒழுங்கா இருக்கும்."