எட்டு மில்லிக் கயிறு

ஞாயிறு காலை 7.40. பத்து காஜா ஊருக்குப் பின்னால், பாதி செம்பனையும் பாதி கிழட்டு ரப்பர்ப் பால்மரமுமாகக் கிடக்கும் பழைய தோட்டம். ஒரு பால்மரத்தடியில் கீத் செத்துக் கிடந்தான். கழுத்து முறிந்திருந்தது. இடுப்பில் சேடல் மாட்டியிருந்தான். மரத்தில் தொங்கியபடி உட்கார்ந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கும் வார் இருக்கை அது. அதைத் தாங்கவேண்டிய கயிறு, கொக்கியில் மாட்டியபடியே பக்கத்தில் சுருண்டு கிடந்தது. புதுக் கயிறு. எட்டு மில்லி தடிப்பு.

8.25-க்கு போலீஸ் சார்ஜன் நவமணி வந்தாள். போன் செய்தவன், கீத்தோடு வேட்டைக்கு வந்த தர்மேந்திரன்.

"நீ எங்க இருந்த?"

"அந்தப் பெத்தாய் மரத்துல மேடம். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். முடிச்சு அவுந்து கயிறோட விழுந்துட்டான். இவ்ளோ மெல்லிசு வேணாம்லா, வழுக்கும்னு சொன்னேன். பொண்டாட்டி வாங்கிக் குடுத்ததுன்னு கேக்கல."

"எதையாவது தொட்டியா?"

"மூச்சு இருக்கான்னு பாத்தேன். அவ்ளோதான்."

நவமணி ஏணி கேட்டாள். ஐம்பது வயதில் ஏணி ஏறும் சார்ஜனைப் பார்த்து மற்ற போலீஸ்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மேலே பட்டையில் பாராங் கத்தியால் கீறிய ஒரு வரி, மரத்தைச் சுற்றி ஓடியது. பால் வழிந்து உறைந்திருந்தது.

"இது யாரு வெட்டினது?"

"கீத்தான். கயிறு நகராம இருக்க எப்பவும் அப்படித்தான். இன்னிக்கிக் காலையில வெட்டி, அதுலதான் கட்டினான்."

11.10. சிம்பாங் பூலாயில் கீத்தின் வீடு. மனைவி ஹில்டா அழவில்லை. மளிகைச் சீட்டைப் படிப்பதுபோல் சொன்னாள்.

"கடையில ரெண்டு இருந்துச்சு மேடம். பதினோரு மில்லி, எட்டு மில்லி. அவருக்குத் தோள்பட்டை வலி. சாமானெல்லாம் தூக்கிக்கிட்டு ரொம்ப தூரம் நடக்கணும். பெருசு கனம். சின்னது பாக்கெட்டுல போவும். நல்லா தாங்கும்னு கடைக்காரரும் சொன்னாரு. நான்தான் சின்னத எடுத்தேன்." நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நான்தான மேடம்?"

"இன்னும் தெரியலம்மா," என்றாள் நவமணி.

உறவுக்காரர்களுக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. திங்களன்று அடக்கத்தில், மெல்லிய கயிறு வாங்கி அவள்தான் கொன்றாள் என்று ஹில்டாவின் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். பெட்டியைச் சுமந்த தர்மேந்திரனும் கேட்டவர்களுக்கெல்லாம் கயிற்றுக் கதையைச் சொன்னான். ஹில்டா வந்தவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

திங்கள் மாலை 5.30-க்கு நவமணி அந்தக் கயிற்றை மேசையில் விரித்து, அங்குலம் அங்குலமாகத் தடவினாள். பிறகு இன்னொரு முறை தடவினாள்.

செவ்வாய் காலை 9.00. தர்மேந்திரனின் இரண்டு ஏக்கர் பால்மரக் காணி. ஸ்டோர் வாசலில் நவமணி நின்றாள். அவளுடைய ஆட்கள் உள்ளே ஒட்டுப்பால் சாக்குகளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் பாலுக்கு மரம் வெட்டுற ஆளு தம்பி. நானும் பதினெட்டு வயசு வரைக்கும் வெட்டினவ. பச்ச வெட்டுல கட்டின கயிறுல பால் ஒட்டாம இருக்குமா?"

தர்மேந்திரன் சாக்குகளின் பக்கம் பார்த்தான்.

"கீத் பக்கத்துல கிடந்த கயிறுல ஒரு சொட்டுப் பால் இல்ல. அப்போ அது அந்த மரத்துல ஏறவே இல்ல. அது பெத்தாய் மரத்துல இருந்துச்சு. உன்னைத் தாங்கிச்சு."

மூன்றாவது சாக்கில் பதினோரு மில்லிக் கயிறு கிடைத்தது. அதில் பால் உறைந்து கறுத்திருந்தது. பால் பட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அறுந்திருந்தது. அறுந்த முனை விறைத்து, விரல் பட்டதும் பொடிந்தது. புளித்த வாடை அடித்தது. ஸ்டோரில் பாலை உறையவைக்கும் ஆசிட் கேனுக்கு நேர்மேலே, சுவரில் கயிறு மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது.

"புதுசு லேசா இருக்கு மச்சான், இன்னிக்கி மட்டும் குடுன்னு கேட்டேன்," என்றான் தர்மேந்திரன். "என்னோடத அவன்கிட்ட குடுத்தேன். ஆசிட் பட்டா நைலோன் செத்துரும்னு சத்தியமா தெரியாது மேடம்."

"அது தெரியாது, சரி. இறங்கி வந்து, மரத்துல இருந்த துண்டையும் அவுத்துட்டு, செத்தவன் இடுப்புல கயிற மாத்தினியே, அது தெரிஞ்சுதான செஞ்ச?"

"பயந்துட்டேன்."

"நீ பயந்ததுக்குப் பழிய அந்தப் பொண்ணு தலையில போட்டுட்ட."

நவமணிக்கு ஆத்திரமாக வந்தது. கை ஓங்காமல் விலங்கை மட்டும் எடுத்தாள்.

11.45. ஹில்டாவிடம் நவமணியே நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "நீ வாங்கின கயிறு அறுந்துபோகலம்மா. முடிச்சும் அவுரல. அது நல்ல கயிறு."

ஹில்டா தலையாட்டினாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நவமணி கிளம்பும்போது கேட்டாள்.

"கனமானத வாங்கியிருந்தா, தர்மன் அத கேட்டிருக்க மாட்டான்ல அக்கா?"

"கேட்டிருப்பான்," என்றாள் நவமணி.

பொய். அது பொய் என்று ஹில்டாவுக்கும் தெரிந்திருந்தது.